டூக்கானின் சொந்தக்காரன் நம் மலையில்



நமது மாலை வகுப்புக்கு ஒரு பிள்ளை பழைய கலண்டர் படம் ஒன்றைக் கொண்டு வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தொண்டை, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத செம்மஞ்சள் மூக்கு. "இது என்ன குருவி?" என்று கேட்டது. பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த ஓர் அம்மாயி எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கேந்தெத்தா தானே. புத்தல ரோட்டுல நான் எத்தன தடவ பாத்திருக்கேன்" என்றார். பெரிய வகுப்புப் பையன் ஒருவன் விடவில்லை. "இல்ல அம்மாயி, இது டூக்கான். டீவியில போட்டாங்க. அமெரிக்காவுல இருக்கிற குருவி."

இருவரில் யார் சரி என்று அன்றைக்கு நம்மால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களைத் தேடினோம். படிக்கப் படிக்க விடயம் நாம் நினைத்ததைவிடச் சுவையாக இருந்தது. படத்தில் இருப்பது டூக்கான்தான். பையன் சொன்னது சரி. ஆனால் டூக்கானைப் பற்றிச் சொல்லப் போனால் அம்மாயியின் கேந்தெத்தாவையும், நாம் தினமும் கொழுந்து மலையில் சத்தம் கேட்டும் தலை நிமிர்ந்து பார்க்காத இன்னொரு பறவையையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் டூக்கான்

டூக்கான் பறவைகள் தென் மெக்சிக்கோவிலிருந்து ஆர்ஜன்டீனாவின் வடக்குப் பகுதி வரை வாழ்கின்றன. அதற்கு வெளியே உலகில் எங்கும் காட்டில் இவை இல்லை. ஒரே வகை என்று எண்ணிவிட வேண்டாம். 40க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் மைனாவைவிடச் சற்று நீளமான சின்ன வகைகள் பச்சை நிறத்தில் இலையோடு இலையாக மறைந்திருக்கும். அரசாரி எனப்படும் இன்னொரு வகை கூட்டமாகத் திரியும். இரவில் ஐந்தாறு பறவைகள் ஒரே மரப்பொந்துக்குள் நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளும். லயத்துக் காம்பராவில் வளர்ந்த நமக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியாது. அந்தீஸ் மலையில் குளிரும் பனிமூட்டமும் உள்ள காடுகளில் மலை டூக்கான்கள் இருக்கின்றன. அவற்றில் சில 3,000 மீற்றர் உயரத்துக்கும் மேலே வாழ்கின்றன. நமது நமுனுகுலை உச்சி 2,000 மீற்றரைச் சற்றுத் தாண்டும். பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கலண்டரில் இருந்தது டோக்கோ டூக்கான். எல்லாவற்றிலும் பெரியது. உடம்பு முழுவதும் சேர்த்து அறுபது சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூக்கு. மழைக்காட்டுப் பறவை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெரிய வகை அடர்ந்த காட்டைவிடத் திறந்த புல்வெளியும் அங்கங்கே மரங்களும் உள்ள இடத்தையே அதிகம் விரும்புகிறது.

இவ்வளவு பெரிய மூக்கைத் தூக்கிக்கொண்டு எப்படிப் பறக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது பார்க்கத்தான் பாரம். வெளியே நம் நகம் போன்ற பொருளாலான மெல்லிய ஓடு. உள்ளே நுரை போல ஓட்டை ஓட்டையான எலும்பு. மீன் வியாபாரி கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். பெரிதாக இருக்கும், கையில் எடுத்தால் ஒன்றும் இராது, ஆனாலும் இலேசில் நசுங்காது. அப்படித்தான் இதுவும்.

எதற்கு இந்த மூக்கு? ஒரு பயன் கண்ணுக்குத் தெரிவது. பழம் பெரும்பாலும் மெல்லிய நுனிக் கொப்பில் தொங்கும். அங்கே போய் உட்கார்ந்தால் கொப்பு தாங்காது. டூக்கான் தடித்த கிளையில் இருந்தபடியே எட்டிப் பழத்தைப் பிடித்து, தலையைப் பின்னுக்கு எறிந்து தொண்டைக்குள் போட்டுக்கொள்ளும். இன்னொரு பயன் 2009ஆம் ஆண்டுதான் நன்றாகத் தெரியவந்தது. பிரேசில், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமராவால் டோக்கோ டூக்கானைப் பார்த்தார்கள். உடம்பு சூடாகும்போது அது மூக்குக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டிச் சூட்டை வெளியே விடுகிறது, குளிர்ந்தால் குறைத்துக்கொள்கிறது. தூங்கும்போது மூக்கை முதுகின் மேல் வைத்து, வாலையும் மேலே மடித்து, பஞ்சு உருண்டை மாதிரி ஆகிவிடும்.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. பழம்தான் முக்கியம். ஆனால் பூச்சி, பல்லி, ஓணான், பிற குருவிகளின் முட்டை, குஞ்சு எதையும் விடாது. படத்தில் பார்க்கத்தான் அப்பாவி. சின்னக் குருவிகளுக்கு அது வீட்டுக்குள் கைவிடும் திருடன். அதே பறவைதான் காட்டுச் சாதிக்காய் போன்ற பெரிய விதைகளை விழுங்கி, தாய் மரத்துக்கு அப்பால் கொண்டுபோய்க் கக்கிப் புதுமரம் முளைக்கவும் வைக்கிறது. முட்டையிடுவது மரப்பொந்தில். மூக்கு பெரிதென்றாலும் கெட்டி மரத்தைக் குடையும் பலம் அதற்கில்லை. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தையோ உக்கிப்போன மரத்தையோ தேடித்தான் குடியேற வேண்டும்.

நம் மலையில் இருக்கும் சொந்தம்

இனி நம் பக்கம் வருவோம். காலையில் பிரட்டுக்குப் போகும் நேரத்தில், ஆற்றோரத்து மரத்திலிருந்து "குர்ர்ர்" என்று உருட்டித் தொடங்கி, பின் "குட்ரூ... குட்ரூ... குட்ரூ" என்று ஓயாமல் ஒரு சத்தம் வருமே? ஒன்று நிறுத்தினால் எதிர் மலையிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். அதுதான் குக்குறுவான். சிங்களத்தில் கொட்டோருவா என்பார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். சத்தம் கேட்காத ஆள் ஊவாவில் இருக்க முடியாது. ஆனால் ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. உடம்பு பச்சை, இலைக்குள் அசையாமல் இருக்கும்.

அமெரிக்காவின் டூக்கானுக்கு நம்மிடையே உள்ள உண்மையான சொந்தக்காரன் இந்தப் பச்சைக் குருவிதான். கேந்தெத்தா அல்ல. குக்குறுவான், டூக்கான், மரங்கொத்தி எல்லாம் ஒரே பெரிய வம்சம். கால் விரலைப் பார்த்தால் தெரியும்: இரண்டு முன்னுக்கு, இரண்டு பின்னுக்கு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரே குடும்பமாக இருந்து பிரிந்து போனவை. அமெரிக்கக் காடுகளிலும் குக்குறுவான்கள் உண்டு. அவற்றின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், அவை நம் நாட்டுக் குக்குறுவானைவிட டூக்கானுக்கே நெருக்கமாம். பெயரும் உருவமும் ஒன்று, இரத்த உறவு வேறு.

இலங்கையில் நான்கு வகைக் குக்குறுவான்கள் இருக்கின்றன. அவற்றில் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் இந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நெற்றியில் மஞ்சள், முகத்திலும் தொண்டையிலும் நீலம். ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரம் வரை மலைக்காடுகளில் காணலாம். ஹப்புத்தளையில் அதிஷம் பங்களாவை ஒட்டிய தங்கமலைக் காட்டில் இதன் குரலைக் கேட்கலாம். நெற்றி சிவந்த சின்னக் குக்குறுவான் ஒன்றும் நம் நாட்டுக்கே உரியது. தலை தவிட்டு நிறமாக, கண்ணைச் சுற்றி மஞ்சளாக, எல்லாவற்றிலும் பெரிதாக இருப்பது தவிட்டுத் தலைக் குக்குறுவான். மேலே சொன்ன "குட்ரூ" அதன் குரல். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அடிக்கடி வருவது இதுதான். நான்காவது வகை வெயில் நாட்டுக்காரன். செம்பு தட்டுகிற கன்னான் மாதிரி "டொங்க், டொங்க்" என்று ஒரே தாளத்தில் கூவும்.

குக்குறுவானுக்கும் பழமே உயிர். அரசு, ஆல், இத்தி போன்ற மரங்கள் பழுத்தால் விருந்துதான். கோவில் வாசலில் அரசமரம் இருந்தால் பழுக்கும் காலத்தில் அண்ணாந்து பாருங்கள். கொய்யாவையும் பப்பாசியையும் கொத்துகிறது என்று நம் ஆட்களுக்கு இதன்மேல் கோபம் உண்டு. கோபம் நியாயந்தான், பாதுகாத்து வளர்த்த பப்பாசிக்கு ஓட்டை விழுந்தால் யாருக்குத்தான் எரியாது? நாம் சொல்லக்கூடியது, விற்கிற பழத்தைச் சாக்கால் கட்டிவிடுங்கள் என்பதுதான். கல்லெடுக்க வேண்டாம். அது கொத்திய பழத்துக்கு ஈடாகக் காட்டு மரங்களின் விதைகளைக் கான் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் கொண்டுவந்து போடுகிறது. கூலி கேளாத நாற்று மேடைக்காரன்.

டூக்கானுக்கு இல்லாத ஒரு கெட்டித்தனம் இதற்கு உண்டு. தன் பொந்தைத் தானே குடையும். ஆனால் பச்சை மரத்தில் அல்ல. செத்து உக்கத் தொடங்கிய மரம் வேண்டும். சின்னக் கிளாஸின் வாயளவில் உருண்டையாக ஓர் ஓட்டையைக் காய்ந்த மரத்தில் கண்டால், அது இவரின் அல்லது மரங்கொத்தியின் வீடு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அம்மாயியின் கேந்தெத்தா

கேந்தெத்தா பார்வைக்கு டூக்கானைப் போலவே இருந்தாலும் உறவில்லை. இது ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் வேறு வம்சம். ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரே ஆயுதம் அமைவதைப் போல, நுனிக் கொப்புப் பழத்தை எட்டிப் பறிக்கிற இரண்டு வம்சத்துக்கும் நீண்ட மூக்கு தனித்தனியே வாய்த்திருக்கிறது. டூக்கானின் மூக்கு இலேசு. கேந்தெத்தாவினது கனமானது, பலமானது.

இலங்கையில் இரண்டு வகை. ஒன்று சாம்பல் நிறம், ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர். இதுவும் இந்நாட்டுக்கு மட்டுமே உரியது. தாழ்நாட்டிலும் நடுத்தர உயரமுள்ள மலைகளிலும் மரங்கள் அடர்ந்த இடத்தில் இருக்கும். மற்றது கறுப்பும் வெள்ளையும். 65 சென்ரிமீற்றர் அளவு. மொனராகலைப் பக்கம், கல் ஓயா, யால போன்ற வறண்ட காடுகளில் காணலாம். தென்னிந்தியாவிலும் உண்டு.

அம்மாயி பார்த்தது எது என்று அறிய அவரிடமே மறுபடி கேட்டோம். "வயிறு வெள்ளையா இருந்திச்சி. மூக்குக்கு மேல இன்னொரு மூக்கு வச்ச மாதிரி" என்றார். அப்படியானால் கறுப்பு வெள்ளைதான். சாம்பல் வகைக்கு அந்த மேல்மூக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் இந்தப் பறவைக் குடும்பத்துக்கு இருவாய்ச்சி, இருவாச்சி என்று பெயர். இரண்டு வாய் உள்ளது என்று பொருள். அந்தப் பெயரைக் கேள்விப்படாத அம்மாயி தன் கண்ணாலேயே அதைச் சொல்லிவிட்டார்.

இருவாய்ச்சி குடும்பம் நடத்தும் விதம் உலகில் வேறு பறவைகளிடம் காண முடியாதது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பெரிய மரமொன்றின் பொந்துக்குள் போய் உட்காரும். எச்சம், பழச்சக்கை, மண் எல்லாவற்றையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். ஒரு சிறு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே முட்டை இட்டு அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பல இனங்களில் அந்த நாட்களில் பெண்ணின் சிறகு இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும்; வெளியே வந்தாலும் பறக்க முடியாத நிலை. வாரக்கணக்கில், சில வகைகளில் இரண்டு மூன்று மாதம், ஆண் பறவைதான் தீனி கொண்டுவர வேண்டும். தொண்டையில் பழங்களை அடக்கிவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்து, அந்தப் பிளவு வழியே ஊட்டும். இடைக்கிடை பல்லி, தவளை, பூச்சி. ஒருநாளில் எத்தனை தடவை வந்து போகும் என்று கணக்கில்லை.

நம் குழுவில் ஒருவர் சின்ன வயதில் லுணுகலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். கவண் அடிப்பதில் கெட்டிக்காரராம். பத்து வயதில் ஒரு சாம்பல் கேந்தெத்தாவை விழுத்தினார். மூக்கில் பழச்சாறு ஒட்டியிருந்ததாம். கூட்டாளிகள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். இந்தக் கட்டுரைக்காக இருவாய்ச்சியைப் பற்றி வாசித்த அன்று அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பழம் யாருக்குக் கொண்டு போச்சோ" என்றார். பொந்தை யாரும் தேடவுமில்லை. சில நேரம் அது தனிப்பறவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டுக் காலமாக இருந்தால், ஒரு கல் ஒரு குடும்பத்தையே உள்ளே வைத்துப் பூட்டிவிடும். பொந்துக்குள் இருப்பவர்களுக்கு வெளியே நடந்தது தெரியாது.

சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் இப்பறவைகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. சட்டத்துக்குப் பயந்து கவணைக் கீழே போடுவதைவிட அந்தப் பிளவை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நன்றாக மனதில் தங்கும் என்பது நமது அனுபவம்.

வால்பாறையில் நடப்பது

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இங்கிருந்து போன நம்மவர்களில் பலர் தமிழ்நாட்டின் மலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அந்த நாட்டில் ஆனைமலையில் உள்ள வால்பாறை நம் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் மாதிரியே தேயிலை மூடிய மேட்டுநிலம். சுற்றிக் காடு, தேயிலைக்கு நடுவே வெட்டாமல் மிஞ்சிய சிறு சிறு சோலைகள். அங்கே ஒரு மீற்றர் நீளமுள்ள பெரிய இருவாய்ச்சி இருக்கிறது. இலங்கையில் இது இல்லை. சிறகடிக்கும் சத்தம் பழைய நீராவி ரயில் மூச்சு விடுவது போலிருக்கும் என்பார்கள். தோட்டத்துக்குள் மிஞ்சிய சோலைத் துண்டுகளிலேயே இது கூடு வைக்கிறது. நிழல் மரங்களில் வந்து உட்காருகிறது.

அங்கே இயற்கைப் பாதுகாப்பு மன்றத்தைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் ஆகிய இருவரும் மற்றவர்களும் 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து தோட்டக் கம்பனிகளோடு பேசி, சிதைந்த சோலைத் துண்டுகளில் காட்டு மரக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். அந்தந்த மலைக்குரிய மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்று மேடையில் வளர்த்து நடுகிறார்கள். தேயிலையைப் பிடுங்கவில்லை, தேயிலை வைக்க முடியாத ஓரங்களையும் மிஞ்சிய துண்டுகளையும் காப்பாற்றுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் என்னும் பழங்குடியினர் ஒரு காலத்தில் இருவாய்ச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்தவர்கள். இன்று அவர்களில் பலர் அதே பொந்துகளைக் கணக்கெடுத்துக் காவல் காக்கிறார்கள். மரம் தெரிந்தவன்தான் காவலுக்கும் பொருத்தமானவன்.

நம் கையில் உள்ளது

மரம் வெட்டுவதும் விடுவதும் தோட்டத்தில் தொழிலாளி தீர்மானிக்கும் விடயமல்ல என்பது நமக்குத் தெரியும். அதை உங்கள் தலையில் சுமத்த மாட்டோம். ஆனால் விறகு நம் கையில்தான் இருக்கிறது. கேஸ் விலை ஏறும்போதெல்லாம் விறகுக் கட்டுப் பெரிதாகிறது. விறகுக்கு நாம் முதலில் தேடுவது காய்ந்து நிற்கும் மரத்தைத்தான். மேலே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கிரவிலியா மரங்களை இளமையிலேயே கிளை வெட்டிவிடுகிறார்கள்; பொந்து விழும் அளவுக்கு அவற்றுக்கு வயதாவது குறைவு. ஆகவே ஆற்றோரத்திலும் எல்லையிலும் நிற்கும் பழைய காட்டு மரங்களும் பட்ட மரங்களுமே இந்தப் பறவைகளுக்கு மிஞ்சிய வீடுகள். உருண்டை ஓட்டை உள்ள மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். லயத்தின் மேலே சாயக்கூடிய பட்ட மரத்தை விட்டுவைக்கச் சொல்லவில்லை. அதை வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லி உடனே வெட்டுவிக்க வேண்டும். பிள்ளைகளின் உயிரைவிடக் குருவி பெரிதல்ல.

பீலித் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே இத்தி, ஆல் போன்ற மரம் தானாக முளைத்திருந்தால் பிடுங்க வேண்டாம். அநேகமாக அதை அங்கே கொண்டுவந்து போட்டது ஒரு பறவைதான்.

பிள்ளைகளுக்கு இந்த மாத வேலை: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, பழுத்த அரசு அல்லது இத்தி மரம் ஒன்றின் கீழே, சற்றுத் தள்ளி, சத்தமில்லாமல் உட்காருங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். எத்தனை குருவி வந்தது, பச்சையா சாம்பலா, நெற்றியில் என்ன நிறம், பழத்தை அங்கேயே தின்றதா தூக்கிக்கொண்டு எங்கேயாவது போனதா என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரே திசைக்கு ஒரு கேந்தெத்தா மறுபடி மறுபடி பழம் கொண்டு போனால் அந்தத் திசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் போய்ப் பொந்தைத் தேட வேண்டாம். அடுத்த வகுப்புக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். அம்மாயியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.